கே.ஆர். நாராயணன்: தூதராக இருந்தவர் குடியரசுத் தலைவரான கதை (கேள்வி பதில்)

தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்வது ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், அதாவது நான்.

பாலக்கோடு மாணவி: சார், நாராயணன் ஐ.எஃப்.எஸ். என்று போட்டிருக்கிறதே, வனத்துறையில் இருந்தாரா?

இல்லம்மா. ஒகேனக்கல் காட்டுப் பக்கம் வளர்ந்த நமக்கு ஐ.எஃப்.எஸ். என்றாலே டி.எஃப்.ஓ. (மாவட்ட வன அலுவலர்) ஜீப்தான் ஞாபகம் வரும். வனப் பணிக்கும் வெளியுறவுப் பணிக்கும் அதே சுருக்கம்தான். இவர் சேர்ந்தது வெளியுறவுப் பணி, 1949-இல். லண்டனில் பாடம் நடத்திய ஹரால்ட் லாஸ்கி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு நேருவைப் போய்ப் பார்த்தார்.

அரூர் பெரியவர்: தூதர் வேலைன்னா விருந்து, கைகுலுக்கல், அவ்வளவுதானே?

அதியமான் ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா ஐயா இது! காஞ்சி மன்னன் தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பியது நம்மாள்தானே? அங்கே ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினார்கள். வேல்களெல்லாம் மயிற்பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று காவலுக்குள் இருந்தன. 'எங்கள் மன்னன் வேல் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது' என்றார் ஔவை. கேட்டால் புகழ்ச்சி. உன் வேல் போரையே பார்த்ததில்லை என்பதுதான் சேதி. அந்த நாக்கு வேண்டும் இந்த வேலைக்கு. 1962 போருக்குப் பின் நெடுநாள் சீனாவில் நமக்குத் தூதரே கிடையாது. 1976-இல் முதலில் போனவர் நாராயணன்.

பென்னாகரம் இளைஞர்: பணியில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கலாமா?

முடியாது தம்பி. ராஜினாமா செய்யணும், இல்லை ஓய்வு பெறணும். இவர் 1978-இல் ஓய்வு. அப்புறம் ஜே.என்.யூ. (டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) துணைவேந்தர், அமெரிக்கத் தூதர். 1984-இல் கேரளத்து ஒற்றப்பாலம் மக்களவைத் தொகுதியில் நின்றார். அங்கேயே மூன்று முறை ஜெயித்தார்.

ஊத்தங்கரை ஆசிரியை: குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்கிறார்களே?

1997 அக்டோபரைப் பாருங்கள் டீச்சர், அப்போது இவர்தான் குடியரசுத் தலைவர். உத்தரப்பிரதேச அரசைக் கலைக்கச் சொல்லி பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை பரிந்துரைத்தது. நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அரசமைப்பின் 74-ஆம் பிரிவுப்படி ஒரு தரம்தான் திருப்பலாம். மறுபடி வந்தால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மறுபடி வரவில்லை. 'முடியாது' என்று சொல்லாமல் 'இன்னொரு தரம் யோசியுங்கள்' என்பது பழைய தூதரின் பழக்கம் என்றே எனக்குப் படுகிறது.

மறுபடி பாலக்கோடு மாணவி: வெளிநாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்தாராமே சார்?

ஆமாம், பர்மாவின் ரங்கூனில் சந்தித்த மா டின்ட் டின்ட். வெளியுறவுப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரை மணக்கப் பணி விதிகள் இடம் கொடுக்காததால் நேருவே தனி அனுமதி தந்தார். கல்யாணத்துக்குப் பின் உஷா ஆனார். இதெல்லாம் பரீட்சையில் வராதும்மா, போய் 74-ஐப் படி.