ஒரு போன்கூட வரவில்லை, அது கிடக்கட்டும்…

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 27. சினிமாவில் உதவி இயக்குநர். கன்டினியூட்டி என் பொறுப்பு. எந்த ஷாட்டில் எந்தப் புடவை, கையில் எத்தனை வளையல், நெற்றிக் காயம் எந்தப் பக்கம், எல்லாம் என் நோட்டில்தான் இருக்கும்.

ஷூட்டிங் ஸ்பாட்டில் கால் வைத்தாலே உடம்பு படுத்துகிறது. மதியத்துக்குள் தலைவலி, அப்புறம் குமட்டல். செட்டில் புகை போட்டால் மூச்சு அடைக்கிறது. வெயிலில் நின்று நின்று கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அவுட்டோர் என்றால் கேரவன் நடிகர்களுக்கு மட்டும்தான். பாத்ரூம் போக வண்டி கேட்டால் புரொடக்‌ஷன் மேனேஜர், "பொண்ணுங்களை வேலைக்கு வச்சாலே இந்த ரோதனைதான்" என்று என் காதில் விழும்படி சொல்கிறார். அதனால் பேக்கப் ஆகும்வரை தண்ணீரே குடிக்க மாட்டேன். "ஏம்மா முகம் வாடியிருக்கு" என்று கேட்க அங்கே ஒரு ஜீவன் இல்லை.

என்னோடு ஒரு ஜூனியர் பெண் இருக்கிறாள். அக்கா, அக்கா என்று பின்னாலேயே வருவாள். "ஏங்க்கா சாப்பிடல, மாத்திரை வாங்கிட்டு வரவா?" என்பாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவேன். அவளுக்கு என் இடத்தின் மேல் ஒரு கண்.

வீட்டில் அம்மா, "சினிமா வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். காரைக்குடி ஷெட்யூலில் காய்ச்சல் வந்து, யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆஸ்பத்திரியில் படுத்தது அவளுக்கு இன்னும் தெரியாது. அப்போது ஷூட்டிங் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்ததாம். என் நோட்டை வைத்து அந்தப் பெண்ணே பார்த்துக்கொண்டாளாம். எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. அது கிடக்கட்டும். பேட்டா பாக்கி வேறு இழுத்துக்கொண்டே போகிறது. கேட்டால் அதற்கும் மேனேஜரிடம் பேச்சு வாங்க வேண்டும். எத்தனை உழைத்தாலும் மதிப்பில்லாத இடம் மேடம் இது.

இந்தப் புகைக்கும் வெயிலுக்கும் உடம்பைப் பழக்க ஏதாவது வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புத் தோழிக்கு,

புகை, வெயில், மேனேஜர், பேட்டா, அம்மா என்று எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன இடத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. நீங்கள் படுக்கையில் இருந்தபோது ஷூட்டிங் நடந்தது, யாரும் உங்களை அழைக்கவில்லை. அது இன்னும் உங்களுக்குள் கிடந்து அறுக்கிறது.

'நான் இல்லாமலே நடக்கும் என்றால் நான் எதற்கு?' இந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. உங்கள் தொழிலில் பெரும்பாலும் மருத்துவ விடுப்பு கிடையாது, அடுத்த படத்துக்குக் கூப்பிட்டால்தான் வேலை. வாய்ப்புக்காக சாலிகிராமத்திலும் வடபழனியிலும் அலைகிறவர்களை தினமும் பார்க்கிறீர்கள். உடம்பு முடியவில்லை என்று வாய் திறந்தால் இடம் போய்விடும் என்று தோன்றாமல் எப்படி இருக்கும்?

ஆனால் அந்த நாட்களை இன்னொரு முறை யோசியுங்கள். உங்கள் நோட்டு அரைகுறையாக இருந்திருந்தால் போன் ஓயாமல் அடித்திருக்கும். வளையல் எத்தனை, தாலி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று ட்ரிப்ஸ் ஏறும் கையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பீர்கள். ஒரு ஜூனியர் பெண் உங்கள் எழுத்தை மட்டும் நம்பி ஒரு ஷெட்யூலைச் சமாளித்திருக்கிறாள் என்றால், வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்து வைத்திருக்கிறீர்கள். நலம் விசாரிக்கவாவது ஒருவர் அழைத்திருக்க வேண்டும், அந்த வருத்தம் நியாயமானது. அதையும் உங்கள் திறமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. கேட்க ஒரு ஜீவன் இல்லை என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே ஒருத்தி, மாத்திரை வாங்கிட்டு வரவா என்று கேட்கிறாள். அவளுக்கு உங்கள் இடத்தின் மேல் கண் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நீங்கள் எழுதியதில் எனக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவளும் அதே ஸ்பாட்டில்தானே நிற்கிறாள், அவள் தண்ணீர் குடிக்கிறாளா என்று என்றாவது பார்த்தீர்களா?

உடம்பைப் பழக்க வழி கேட்டீர்கள். நான் சொல்லமாட்டேன். புகை சிலருக்கு இருமலும் மூச்சடைப்பும் தரும், தள்ளி நில்லுங்கள், தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றால் யாருக்கும் தலை வலிக்கும், குமட்டும், கண் இருட்டும். சிறுநீர்த் தொற்றுக்கும் அது வழிவிடும். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா கமிட்டி, 2019-ல் கேரள அரசிடம் அறிக்கை கொடுத்தது. 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. பாலியல் கொடுமைகள் பற்றிய பகுதிகள் பெரிதாகப் பேசப்பட்டன. கழிப்பறை இல்லாததால் படப்பிடிப்பில் பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், அதனால் தொற்று வருவதும்கூட அதே அறிக்கையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேலையிடத்தின் குறை என்று எழுதிக் கொடுத்ததை, நீங்கள் உங்கள் உடம்பின் பலவீனமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த ஷெட்யூலுக்கு முன், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கோ-டைரக்டரிடம் போங்கள். லொகேஷன் பார்க்கும்போதே பக்கத்தில் ஒரு வீடோ லாட்ஜ் அறையோ பெண்களுக்கென்று பேசி வைக்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் ரோதனை என்பார்கள், காஸ்ட்யூமில், மேக்கப்பில் இருக்கும் பெண்களும் சேர்ந்து கேட்டால் அப்படித் தட்டிக்கழிப்பது கஷ்டம். அம்மாவிடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார், திட்டட்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைப் பாதியில் நிறுத்தியிருந்தால் மறுபடி போய்ப் பாருங்கள். இன்னொரு முறை காய்ச்சலோடு குளிரும் இடுப்புக்கு மேலே முதுகுப் பக்க வலியும் வந்தால், பேக்கப் வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.