மழைக்காலத்தில் பொங்கும் பாதாள சாக்கடை: பெரிய மோட்டார் போடலாமா?

கேள்வி: வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. 84 தனி வீடுகள். எல்லா வீட்டுக் கழிவுநீரும் எங்கள் சொந்தப் பாதாள சாக்கடை வழியாக ஒரு சம்ப்புக்கு வந்து, அங்கிருந்து மோட்டார் மூலம் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி பிறந்தால் மேன்ஹோல்கள் பொங்குகின்றன. தாழ்வான வீடுகளின் குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து வருகிறது. லாரிக்குக் கொடுத்து மாளவில்லை. இரண்டு மடங்கு பெரிய மோட்டார் போட்டால் தீரும் என்கிறார் ஒப்பந்தக்காரர். போடலாமா? – சங்கச் செயலாளர்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் வடிவமைப்பார்கள். அதில் சுமார் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 430 லிட்டர். 84 வீட்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 36,000 லிட்டர். கோடையில் உங்கள் மோட்டார் இதைத் திணறாமல் இறைக்கிறது. மழைக்காலத்தில் யாரும் இரண்டு மடங்கு குளிப்பதில்லை. ஆக, கூடுதலாக வருவது கழிவுநீரே அல்ல. சாக்கடைக்குள் வரக்கூடாத நல்ல தண்ணீர் அது.

பெரிய மோட்டார் என்ன செய்யும்? அந்தத் தண்ணீரை இன்னும் வேகமாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் தள்ளும். அங்கே காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. திடீர் வெள்ளம் வந்தால் அவை படிவதற்கு நேரமில்லாமல் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி வளர்ந்து நிலைக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை நிலையத்திலிருந்து வெளியேறுவது அரைகுறையாகச் சுத்தமான நீர்தான். மின்கட்டணமும் ஏறும்.

உள்ளே வரும் நல்ல தண்ணீர் இரண்டு வகை. ஒன்று மழைநீர். நேரடி இணைப்பு, திறந்த மூடி வழியாக வருவது. மழை பிடித்த சில நிமிடங்களில் சம்ப் ஏறும், மழை நின்று சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இன்னொன்று ஊற்று. நிலத்தடி நீர்மட்டம் குழாயைத் தாண்டி ஏறியதும், விரிசல் வழியாகவும் மூட்டு வழியாகவும் கசிந்து வருவது. வானம் வெளுத்து ஒரு வாரம் ஆனாலும் இது நிற்காது. உங்கள் பகுதி சதுப்பு நிலத்தை ஒட்டியது என்பதால் இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று தெரியாமல் செலவு செய்யாதீர்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல மழை பெய்து, பிறகு இரண்டு மூன்று நாள் மழையில்லாத ஓர் இரவு, அதிகாலை 3 மணிக்குச் சம்ப்புக்குப் போங்கள். ஊர் தூங்கும் நேரம். மோட்டாரை நிறுத்திவிட்டு, நீண்ட அளவுக்கோலை மேலிருந்தே விட்டு, அரைமணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சம்ப் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் ஏறினால் 600 லிட்டர். மணிக்கு 1,200, நாளைக்கு 28,800 லிட்டர். உங்கள் கழிவுநீருக்குக் கிட்டத்தட்ட நிகராக இன்னொரு ஆறே மண்ணுக்கடியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். ஒழுகும் ஃப்ளஷ் டேங்குகளும் இரவில் கொஞ்சம் நீர் விடும். அதனால் இதே சோதனையைப் பங்குனியில் ஒருமுறை செய்து, அந்த அளவைக் கழித்துவிடுங்கள். மோட்டார் தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற குறிப்போடு மழையளவையும் பக்கத்தில் எழுதி வந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

மழைநீரைப் பிடிப்பது எளிது, செலவும் குறைவு. அதை முதலில் செய்யுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 80 சதுர மீட்டர் மொட்டை மாடி உள்ள 10 வீடுகள் மாடிக் குழாயைச் சாக்கடைச் சேம்பரில் விட்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் 40,000 லிட்டர் உள்ளே வரும். 84 வீட்டின் ஒரு நாள் கழிவுநீரை விட அதிகம், ஒரே மணி நேரத்தில்! எந்த மோட்டாரும் இதற்கு ஈடுகொடுக்காது.

இதில் நம்மூருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. 2003-ல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமானபோது எல்லா வீட்டிலும் குழி தோண்டினோம். நல்ல காரியம். ஆனால் களிமண் பகுதியில், நீர்மட்டம் ஏறிய கார்த்திகையில், அந்தக் குழி உறிஞ்சாமல் நிரம்பி வழியும். வாசலில் தண்ணீர் நிற்கிறதே என்று பிளம்பரைக் கூப்பிட்டால், ஒரு எல்போவும் நான்கடி பிவிசி குழாயும் வைத்து, வழிந்த தண்ணீரைப் பக்கத்துச் சேம்பரில் விட்டுவிட்டுப் போவார். வீட்டுக்காரருக்கே அது நினைவிருக்காது. எனவே யாரையும் குற்றவாளியாக்காமல் எல்லா வீடுகளையும் சோதியுங்கள். மாடிக் குழாயில் ஒரு வாளி சாயத் தண்ணீரை ஊற்றி, அடுத்த மேன்ஹோலில் நிறம் வருகிறதா என்று பார்த்தால் போதும். புகைச் சோதனை இன்னும் வேகமானது. மேன்ஹோலில் ஊதுகருவி வைத்துத் தீங்கில்லாத புகையை அனுப்புவார்கள். தப்பான இணைப்பு உள்ள வீட்டின் மாடிக் குழாயிலிருந்து புகை கிளம்பும். முன்னதாக எல்லோருக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

துண்டித்த தண்ணீர் எங்கே போகும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே பழைய இணைப்பு திரும்பிவிடும். மழைநீர் சேகரிப்புக் குழி நிரம்பினால் வழிவது தெரு மழைநீர் வடிகாலுக்குத்தான் போக வேண்டும். சென்னையில் கழிவுநீரும் மழைநீரும் தனித்தனி அமைப்புகள். முன்னதைக் குடிநீர் வாரியம் பார்க்கிறது, பின்னதை மாநகராட்சி. தண்ணீர் தானாக வடிய மட்டம் கிடைக்காத தாழ்வான இடமென்றால் மழைநீருக்கென்று தனியாக ஒரு சின்னச் சம்ப்பும் மோட்டாரும் போடுங்கள். அந்தச் செலவு நியாயமானது.

அப்புறம், தெருவில் தண்ணீர் தேங்கியதும் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவது. தயவுசெய்து இதை உடனே நிறுத்துங்கள். தெரு வடிவதுபோல் தெரியும். அந்தத் தண்ணீர்தான் சம்ப்பை முட்டி, தாழ்வான வீட்டுக் குளியலறையில் கழிவோடு எழும்புகிறது. அதைவிடக் கொடியது, கலங்கிய நீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் தேங்கும் இடங்களில் மேன்ஹோல் கழுத்தைச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்தி, ரப்பர் வளையமுள்ள, ஓட்டையில்லாத மூடி போடுங்கள். தாழ்வான வீடுகளின் இணைப்பில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால் இந்த வருடமே அவர்களுக்கு நிம்மதி.

இனி ஊற்று. சில வருடங்களுக்கு முன் இன்னொரு குடியிருப்பில் அதிகாலை மூன்றரை மணிக்கு ஒரு மேன்ஹோல் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஓடிய தண்ணீர் குடிநீர்போல் தெளிவாக இருந்தது. வாடையே இல்லை. குழாய் செங்கல் சுவரைத் துளைத்து நுழையும் இடத்தில், பென்சில் பருமனில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வேப்பமரத்து வேர் வெட்டிவேர்க் கற்றைபோல் தொங்கியது. கீழே விசிறி வடிவில் மெல்லிய மணல். மேலே சாலையில் சரியாக அதே இடத்தில் ஒரு பள்ளம். மண் தண்ணீரோடு சேர்ந்து குழாய்க்குள் போய்க்கொண்டே இருந்தால் சாலைக்கடியில் பொந்து விழும். உங்கள் சம்ப்பில் மணல் சேர்கிறதா, குழாய் போகும் வழியில் சாலை உள்வாங்கியிருக்கிறதா என்று நடந்து பாருங்கள்.

அடைக்கும்போது மேன்ஹோல்களிலிருந்து தொடங்குங்கள். செங்கல் மேன்ஹோலும், குழாய் அதில் சேரும் மூட்டும்தான் பெரும்பாலும் முதலில் விடும். ஒழுகும் சுவரில் வெறும் சிமென்ட் பூச்சு நிற்காது, பின்னாலிருந்து தண்ணீர் தள்ளிவிடும். உடனே இறுகும் சிமென்டால் கசிவை நிறுத்திவிட்டுத்தான் நீர்புகாப் பூச்சு. குழாய்க்குள் கேமரா அனுப்பி உடைந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுட்ட களிமண்ணாலான பழைய ஸ்டோன்வேர் குழாயாக இருந்தால் தோண்டாமலே உள்ளுறை போடும் முறை உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு மூட்டில் மட்டும் கசிவை அடைத்தால் வெளியே நீர்மட்டம் ஏறி அடுத்த மூட்டில் புகும். எனவே ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரை, வீட்டு இணைப்புகளையும் சேர்த்து, முழுப் பகுதியாக முடியுங்கள். கசிவைத் தேடுவதற்குக் கார்த்திகை, அடைப்பதற்குப் பங்குனி, சித்திரை. கோடையில் பிரச்சினை இல்லை என்கிறீர்கள். நீர்மட்டம் இறங்கியதும் அதே விரிசல் வழியாக உங்கள் கழிவுநீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். பக்கத்துக் கிணறு, போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

இந்த வேலை எதற்கும் யாரையும் சும்மா குழிக்குள் இறக்காதீர்கள். தெளிவான தண்ணீர் ஓடும் மேன்ஹோலிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இருக்கலாம். பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஒரு உயிருக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. அடைப்புக்கு ஜெட் இயந்திரம், பார்வைக்குக் கேமரா. பூச்சு வேலைக்கு ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வாயு அளந்து, காற்று செலுத்தி, கயிறும் மேலே கண்காணிப்பும் வைத்துச் செய்யும் பயிற்சி பெற்ற நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள்.

அதிகாலை அளவையும், சம்ப்பின் நீள அகலத்தையும், மேன்ஹோல்கள் குறித்த வரைபடத்தையும் அனுப்புங்கள். கேமராவை எந்தப் பகுதியில் முதலில் விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.