கரை ஒதுங்கிய பாம்பைக் கடலில் தள்ளிவிடலாமா?

வணக்கம். மேலே கறுப்பும் கீழே மஞ்சளுமாக மணலில் அசையாமல் கிடக்கும் பாம்பைக் குச்சியால் அலைக்குள் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் சொல்லும் நிறமும், புள்ளியிட்ட துடுப்பு போன்ற தட்டை வாலும் மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பின் அடையாளங்கள். கொடிய நஞ்சுள்ளது. அசையவில்லை என்பதால் இறந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நிலத்துப் பாம்புகள் அகன்ற வயிற்றுச் செதில்களால் தரையைப் பற்றி ஊர்கின்றன. இதற்கு அந்தச் செதில்கள் மிகச் சிறுத்துவிட்டதால் மணலில் நகரவே திணறும். குட்டி போடுவதுகூட நடுக்கடலில்தான். அப்படிப்பட்ட உயிர் கரைக்கு வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் நோயோ, காயமோ, புயலடித்த களைப்போ காரணமாக இருக்கும். நீரிழப்பும் இருக்கலாம், கடலில் வாழ்ந்தாலும் இது உப்புநீரைக் குடிப்பதில்லை, கடல்மேல் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீருக்காகக் காத்திருக்கும்! இந்த நிலையில் தள்ளிவிட்டால், மூச்சுக்காக மேலே வரவும் அதற்குத் தெம்பிருக்காது.

நாய்களையும் குழந்தைகளையும் விலக்கி வைத்துவிட்டு வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்புக் குழுவுக்கோ சொல்லுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைப்பது அவர்களுக்கு உதவும். யாரையாவது கடித்துவிட்டால், வலியோ வீக்கமோ இல்லை என்று காத்திருக்கக் கூடாது. தசைவலியும் சிறுநீர் கறுப்பதும் சில மணி நேரம் கழித்தே தெரியவரும். கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உடல் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் கொண்ட கடல் கட்டுவிரியன் என்றால் கதை வேறு. அது ஓய்வெடுக்கவும் முட்டையிடவும் தானாகவே கரையேறும். தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.