வயக்காட்டு சந்தேகம்: ரோட்டவேட்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, நமக்கு சேரன்மகாதேவி பக்கம். வாழை வெட்டுன வயல்ல பிசான நெல்லுக்கு டிராக்டர்ல ரோட்டவேட்டர் (பிளேடு சுத்தி மண்ண கிளறுற சுழல் கலப்பை) அடிக்கோம். நார் சுத்தி சுத்தி நிக்குது. டிரைவர் பிடிஓவ (இஞ்சின் ஓட்டத்த பின்னால உள்ள கருவிக்கு கொடுக்குற அமைப்ப) மட்டும் ஆஃப் பண்ணிட்டு இறங்கி அறுத்து எடுக்காரு, இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. இது சரியா?

பதில்: சரியே இல்ல தம்பி. முதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க, மத்தத பொறவு பேசுவோம். பிடிஓ லிவர தள்ளுன உடனே பிளேடு நின்னுராது, பிளேடு மாட்டுன கனத்த ரோட்டரு கொஞ்சம் சுத்திட்டுதான் அடங்கும், அதுபோக இஞ்சின் ஓடும்போது சின்னப்பய எவனாவது சீட்டுல ஏறி லிவர்ல கால் பட்டுட்டா யாரு பொறுப்பு? ரோட்டவேட்டர தரையில இறக்கி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சின ஆஃப் பண்ணி, சாவிய உருவி சட்டைப்பையில போட்டுட்டுதான் பின்னால போகணும். தூக்கி வச்சு அடியில கை விடணும்னா ஹைட்ராலிக்க நம்பாதீய, ரெண்டு பக்கமும் கனத்த கட்டைய முட்டு கொடுத்துட்டு கை விடுங்க.

நாருக்கு வருவோம். பச்சை வாழைநார் ரோட்டர்ல ஏறுனா கயிறு திரிச்ச மாதிரி முறுக்கிக்கும். ரெண்டு முனையிலயும் இருக்க ஆயில் சீல்கிட்ட போய் ஒதுங்கும், சீல அறுக்கும், அந்த வழியா சகதி பேரிங்குக்குள்ள போகும், பொறவு செலவுதான். அதனால தண்டையெல்லாம் வெட்டி வெளிய போட்டு காய விடுங்க, வட்டத் தட்டு வச்ச சட்டிக்கலப்பை போட்டு வாழைக்கட்டைய பெயத்து எடுத்துட்டு அப்புறமா ரோட்டவேட்டர இறக்குங்க. அப்பவும் நார் சுத்தத்தான் செய்யும், ஒரு பன்னருவாள வண்டியிலயே வச்சிக்கிடுங்க.

இன்னொண்ணு சொல்லணும். டிரைவர் மேல மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். மணி வாடகைக்கு பேசிட்டு நாம வரப்புல நின்னு வாட்ச்ச பாத்துக்கிட்டே இருந்தா அவரு எப்படி இஞ்சின ஆஃப் பண்ணுவாரு? "பைய எடுங்கண்ணே, நார் எடுக்க நேரத்துக்கும் சேத்தே தாரேன்"னு வேலை ஆரம்பிக்கும்போதே சொல்லிருங்க. அந்த பத்து நிமிஷ காசுல ஒரு மனுசன் கை தப்பும்.

கேள்வி: எங்க வீட்டுக்காரங்க சாரம் (லுங்கி) கட்டிக்கிட்டு, தோள்ல துண்டு போட்டுக்கிட்டுதான் ரோட்டவேட்டர் ஓட்டுதாங்க. சொன்னா 20 வருசமா ஓட்டுதேன்னு சத்தம் போடுதாங்க. (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: தங்கச்சி, இந்த கணக்க அவர்கிட்ட காட்டுங்க. பிடிஓ நிமிசத்துக்கு 540 சுத்து, அதாவது செகண்டுக்கு 9 சுத்து. அந்த ஓட்டத்த ரோட்டவேட்டருக்கு கொண்டுபோற சாப்ட்டு 2 இஞ்ச் கனம்னு வச்சாலே ஒரு சுத்துக்கு அரை அடி துணிய இழுக்கும், செகண்டுக்கு நாலரை அடி. சாரம் மொத்தமே 2 மீட்டர்தான். "ஏய்"னு கத்தி முடிக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

நான் கண்ணால பாத்தத சொல்லுதேன். எங்க பக்கத்து வயல்ல ஒருத்தர் குனிஞ்சு பாக்கும்போது தோள்ல கிடந்த துண்டு நுனி சாப்ட்டுல பட்டுது, உருவிட்டு போயிட்டு, நல்லவேளை கழுத்த சுத்தி போடல. நிறுத்திட்டு போய் பாத்தா துண்டு கம்பி மாதிரி இறுகி கிடக்கு, கத்திய வச்சு கீறித்தான் எடுத்தோம். அவரு அன்னைக்கு பூரா ஒரு வார்த்தை பேசல.

பேன்ட் சட்டை போடச் சொல்லுங்க, துண்ட தலையில இறுக்கி கட்டச் சொல்லுங்க. சாப்ட்டு மேல வார பிளாஸ்டிக் கவரையும் அது சுத்தாம பிடிக்க சின்ன சங்கிலியையும் கழத்தி எறியக்கூடாது. மட்கார்டுல பிள்ளைகள உக்கார வைக்கதும் வேண்டாம், ஒரு வரப்பு ஏறி குலுங்கினா போதும், விழுறது நேரா பிளேடுக்குத்தான்.

கேள்வி: மானூர் பக்கம் கரிசல் எனக்கு. மூணு சால் ரோட்டவேட்டர் அடிச்சு மாவா ஆக்குனேன், ஒரு மழை பெஞ்சதும் மேல ஓடு கட்டி முளைப்பு வரல. என்ன தப்பு?

பதில்: மாவாக்குனதுதான் தப்பு. மண்ணுக்கு சின்னச்சின்ன கட்டி வேணும், அதுலதான் காத்தும் தண்ணியும் போகும். புழுதியா போட்டா மழை அடிச்சு சேத்து ஓடாக்கிரும். ரோட்டவேட்டர் 4 இஞ்ச், மிஞ்சிப்போனா 6 இஞ்ச் ஆழம்தான் போகும், வருசா வருசம் அதே ஆழத்துல அடிச்சா அதுக்கு கீழ மண்ணு இறுகிப்போகும், வேர் இறங்காது. மொதல்ல கொத்துக்கலப்பை ஆழமா போடுங்க, கடைசியா ஒரே ஒரு சால் ரோட்டவேட்டர் போதும்.

பதம் முக்கியம். ஒரு பிடி மண்ண எடுத்து உருண்டை பிடிச்சு இடுப்பு உயரத்துல இருந்து போடுங்க. உதிர்ந்தா அடிக்கலாம். சப்புன்னு அப்படியே கிடந்தா ரெண்டு நாள் பொறுங்க. காஞ்ச கரிசல்ல மட்டும் இறக்கிராதீய, சக்கரம் சுத்துற பக்கமே பிளேடும் சுத்துறதால கட்டி மண்ணுல அது வண்டிய முன்னால எத்தி தள்ளும். கியரு லோவுலயே இருக்கட்டும், பிடிஓ ஓட்டம் 540ல குறையாம பாத்துக்கிடுங்க. மண்ணு இன்னும் பொடியாகுதுன்னா ரோட்டவேட்டர் பின்னால மூடியிருக்க தட்ட கொஞ்சம் தூக்கி கட்டுங்க, கட்டி கட்டியா வெளிய விழும்.

கேள்வி: திருப்பத்துல கடகடன்னு சத்தம் வருது, என்ன பழுது?

பதில்: பெரும்பாலும் பழுது இல்ல, நீங்க ரோட்டவேட்டர அதிகமா தூக்குதீய. பிளேடு தரைய விட்டு ஒரு ஜான் எழும்புனா போதும், அதுக்கு மேல போனா சாப்ட்டு மடங்கி, அதோட மூட்டுல இருக்க கிராஸ் தேயும். திரும்பும்போது பிடிஓவ ஆஃப் பண்ணிருங்க. கிராஸ்ல கிரீஸ் அடிச்சு எத்தன நாள் ஆச்சுன்னும் பாருங்க.