பாத எரிச்சல் நின்றுவிட்டால் குணமாகிவிட்டதா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரவில் பாதம் எரிகிறது என்று தவித்தவருக்கு, இப்போது எரிச்சல் இல்லை. ஆனால் பாதம் வறண்டு, குதிகால் வெடித்திருக்கிறது. வெந்நீரில் கால்களை ஊறவைக்கிறார். இது சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெந்நீரை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எரிச்சல் நின்றதையும் குணமாகிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். வலியையும் சூட்டையும் உணரும் நுண்ணிய நரம்பிழைகள் பழுதுபடத் தொடங்கும்போது எரிச்சல் தோன்றுகிறது. அவை மேலும் சிதைந்தால், வலியை மூளைக்குத் தெரிவிக்க நரம்பே இல்லாமல் பாதம் மரத்துவிடுகிறது. சர்க்கரை கட்டுப்பட்டு எரிச்சல் தணிவதும் உண்டு என்றாலும், உங்கள் தாயாருக்கு நேர்ந்தது எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்தும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) கால் பெருவிரலில் வைத்தும், தொடுவதும் அதிர்வதும் தெரிகிறதா என்று மருத்துவர் சில நிமிடங்களில் கண்டறிவார். இந்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவராயின் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். அதன் குறைவும் இதே தொல்லைகளைத் தரும்.

வெடிப்புக்கும் நரம்புப் பாதிப்பே காரணமாக இருக்கலாம். வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் தளர்ந்தால் பாதம் வியர்ப்பது குறைந்து, தோல் வறண்டு தடித்துப் பிளக்கிறது. அந்தப் பிளவின் வழியே கிருமிகள் நுழைந்தாலும், வலி இல்லாததால் புண் ஆழமாகும் வரை தெரிவதில்லை. ஊறவைப்பது வறட்சியைக் கூட்டும். மரத்த காலுக்குச் சூடும் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, குதிகாலுக்கு வாசலினோ யூரியா கலந்த களிம்போ தடவலாம். விரலிடுக்கில் தடவினால் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். காய்ப்பைப் பிளேடால் சீவுவதும் கால் ஆணிக்கான அமிலப் பிளாஸ்திரி ஒட்டுவதும் கூடவே கூடாது.

வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு அணியட்டும். கோயிலுக்குப் போவதானால் காலையிலோ மாலையிலோ காலுறையுடன் செல்லட்டும். நடுப்பகலில் பிராகாரக் கல்லில் நடந்துவிட்டு, கொப்புளத்தைக் கண்ட பிறகே சுட்டதை அறிபவர்கள் உண்டு. உள்ளங்காலை அவரால் குனிந்து பார்க்க இயலாது என்பதால், தினமும் இரவில் நீங்களே பார்த்துவிடுங்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.