அடித்துவிட்டு அழுகிறவன்

வணக்கம். தண்டையார்பேட்டையில் ப்ளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள், டியூஷனில் பழகிய ஒரு பையனைக் காதலிக்கிறாள். அவள் போன் பாஸ்வேர்டு அவனிடம் இருக்கிறது. பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்றுகூட அவனுக்குச் சொல்ல வேண்டுமாம். போன வாரம் காசிமேட்டில் வைத்து அறைந்திருக்கிறான். ராத்திரியே அழுது மன்னிப்பும் கேட்டானாம். ‘என் மேல உயிரையே வச்சிருக்கான் சித்தி, அதான் கோவம்’ என்கிறாள். அக்காவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவாள். என்ன செய்வது?

— ஒரு சித்தி, கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரி,

அவள் உங்களிடம் வாய் திறந்திருக்கிறாள். இப்போதைக்கு அவளுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான்.

வன்முறை அவன் அறைந்த அன்று தொடங்கவில்லை, பாஸ்வேர்டு கேட்ட அன்றே தொடங்கிவிட்டது. முதலில் எங்கே, யாரோடு என்று விசாரணை. அப்புறம் தோழிகள் ஒவ்வொருவராக விலக்கப்படுவார்கள். பிறகு கை நீளும். அடிபட்ட பெண்களிடம் பேசிய அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர், இறுக்கம், அடி, சமாதானம் என்று திரும்பத் திரும்ப வரும் சுழற்சியை 1979இல் விவரித்தார். எல்லா உறவுக்கும் அது அப்படியே பொருந்தாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அதேதான். அவன் நிஜமாகவே அழுதிருக்கலாம். அதனால்தான் அவளால் விட முடியவில்லை.

நம் வீடுகளில் பதினேழு வயசுப் பெண் காதலிப்பதே குற்றம், அடி வாங்கியது அப்புறம்தான். ‘உங்க வீட்ல சொல்லிடுவேன்’ என்று ஒருவன் மிரட்ட முடிவதே அதனால்தான். சாதி வேறு என்றால் பயம் இன்னும் கூடும். வீடும் போனைப் பிடுங்கி வெளியே போகாதே என்றால், அவன் செய்வதையே வீடும் செய்கிறது. அடுத்த அடியை உங்களிடம்கூடச் சொல்ல மாட்டாள்.

‘அவனை விட்டுடு’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘அவனுக்குப் பிடிக்காததைச் செஞ்சா என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பதிலைச் சொல்லும்போது அவள் காதிலும் அது விழும். பிரிய முடிவெடுத்தால் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். ‘கடைசியா ஒரு தடவை’ என்று கூப்பிட்டாலும் போகக் கூடாது, பிரியும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது, கூப்பிடுங்கள். ஒன்று முக்கியம்: பாலியல் அத்துமீறல் நடந்தது தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். அதனால் ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று அவளுக்குச் சத்தியம் மட்டும் செய்துகொடுக்காதீர்கள்.

அக்காவிடமும் சொல்லத்தான் வேண்டும். மகளுக்குத் தெரிந்தே, நீங்கள் கூட இருந்து சொல்லுங்கள். படிப்பை நிறுத்த மாட்டேன் என்ற வார்த்தையை முதலில் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்.