வாசகர் கேள்வி – பதில்: கம்மி பட்ஜெட்ல மணப்பாடு போயிட்டு வரலாமா?

கேள்வி: எனக்கு 67 வயசு, வீட்டுக்காரம்மாவுக்கு 63. தாம்பரத்துல இருக்கோம், பென்ஷன்தான் வருமானம். கூட்டம் இல்லாத ஒரு கடற்கரை கிராமத்துல மூணு நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வரணும்னு ரொம்ப நாளா ஆசை. திருச்செந்தூர் பக்கத்துல இருக்கற மணப்பாடு நல்லா இருக்கும்னு சொல்றாங்க. அவங்களுக்கு முட்டி வலி வேற. செலவு கையைக் கடிக்காம போக முடியுமா?

பதில்: தாராளமா போலாம் ஐயா. ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், எங்க மிச்சம் பிடிக்கலாம்ங்கறதை விட எங்க மிச்சம் பிடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுக் கிளம்புங்க. நம்ம வயசுக்காரங்க நிறைய பேர் ஆட்டோவுக்கு யோசிச்சு வெயில்ல நடந்துட்டு, அப்புறம் மிச்ச ரெண்டு நாளும் ரூம்லயே காலை நீட்டிப் படுத்துக் கிடக்கறாங்க. உங்க விஷயத்துல லோயர் பெர்த், தரைத்தளத்துல ரூம், சுத்திப் பார்க்க ஒரு ஆட்டோ, இந்த மூணுலயும் கை வைக்காதீங்க.

எழும்பூர்ல இருந்து வர்ற திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் தாம்பரத்துலயே ஏறிக்கலாம், விடிஞ்சா திருச்செந்தூர். சீனியர் சிட்டிசன் டிக்கெட் சலுகையை 2020 மார்ச்ல நிறுத்தினாங்க, அதை நம்பி கணக்குப் போடாதீங்க. ஆனா லோயர் பெர்த் கோட்டா இருக்கு, ஆம்பளைக்கு 60, பொம்பளைக்கு 45 வயசு ஆனா போதும், நீங்க ரெண்டு பேர் மட்டும் ஒரே டிக்கெட்ல போட்டா அந்தக் கோட்டாவுலயே கேக்கலாம். கூட பொண்ணு மாப்பிள்ளைன்னு சேர்த்துப் போட்டா அது கிடைக்காது. 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் திறக்கும், அன்னைக்கே போட்டுடுங்க.

தங்கறதுக்குத் திருச்செந்தூர்தான் வசதி. மணப்பாடு சின்ன மீனவ ஊரு, லாட்ஜ்னு பெருசா எதிர்பார்க்க முடியாது, ராத்திரி திடீர்னு உடம்புக்கு ஒண்ணுன்னாலும் திருச்செந்தூர்ல இருந்தா பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கும். அங்கிருந்து குலசேகரன்பட்டினம் வழியா சுமார் 18 கிலோமீட்டர்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸா வந்தா அம்மாவுக்கு டிக்கெட்டே கிடையாது, உங்களுக்கு மட்டும் எடுத்தாப் போதும். ஒரு நாள் மட்டும் அரை நாளைக்கு ஆட்டோ பேசிக்கோங்க, ஏறறதுக்கு முன்னாடியே வெயிட்டிங்கும் சேர்த்து எவ்வளவுன்னு கேட்டுடுங்க.

காலையில சீக்கிரம் போயிடணும், அது முக்கியம். வள்ளமெல்லாம் கரைக்கு வர்ற நேரம், வலையை உதறி மீனைப் பிரிச்சு எடுக்கறதை மணல்ல உக்காந்து பார்த்துட்டே இருக்கலாம், ஒரு பைசா செலவில்லை. ஒரு பக்கம் கருமேனி ஆறு வந்து கடல்ல சேருது, இன்னொரு பக்கம் கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கற மேட்டு மேல 1581-ல கட்டின திருச்சிலுவைக் கோயில். அந்த மேட்டோட அடியில ஒரு குகை, 1542-ல இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கி ஜெபம் பண்ணின இடம்னு சொல்றாங்க. உள்ள ஒரு கிணறு இருக்கு, கடல் அந்தப் பக்கம் அடிச்சுட்டு இருக்கு, இந்தப் பக்கம் தண்ணி உப்புக் கரிக்காது. திருச்செந்தூர் கோயில் பக்கத்துல கடலோரமா இருக்கற நாழிக்கிணறும் அதே மாதிரிதான். மழைத் தண்ணி மண்ணுல இறங்கி, கனமான உப்புத் தண்ணிக்கு மேலாப்புல தங்கிடறதால இப்படி. முட்டி வலின்னு சொன்னதால சொல்றேன், மணல்ல நடக்கறது ரொம்ப இழுக்கும், அதனால ஆட்டோ எது வரைக்கும் மேல போகும்னு முன்னாடியே கேட்டு வைங்க.

பனை ஓலைப் பெட்டி முடையற பொம்பளைங்க இந்த ஊர்ல நிறைய. ஓலையைச் சீராக் கிழிச்சு, சாயம் போட்டு, மடியில வச்சு கைவேகமா பின்னுவாங்க. ஏதாவது வாங்கினா தயவுசெஞ்சு அவங்ககிட்ட பேரம் பேசாதீங்க, ஒரு பெட்டிக்குப் பின்னாடி எவ்வளவு நேரம் போகுதுன்னு பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் தெரியும். கருப்பட்டி வாங்கணும்னா பக்கத்துல உடன்குடி.

கேள்வி: எந்த மாசம் போறது நல்லது?

பதில்: ஜனவரி பாதிக்கு மேல, பிப்ரவரி. வார நாள்ல போங்க, ரூம் வாடகையும் இறங்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, 2023 டிசம்பர் வெள்ளத்துல இதே திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டு ஜனங்க எவ்வளவு தவிச்சாங்கன்னு பார்த்தோமே. குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா, சூரசம்ஹாரம், தைப்பூசம் சமயத்துல ரூமே கிடைக்காது, கிடைச்சாலும் உங்க பட்ஜெட்டுக்கு ஒத்து வராது. செப்டம்பர் 14 மணப்பாடு கோயில் திருவிழா, பக்தியோட போறவங்களுக்கு அருமை, அமைதி தேடிப் போறவங்களுக்கு இல்லை.

கேள்வி: கடல்ல குளிக்கலாமா?

பதில்: மணப்பாட்டுல அலை நல்லா எழும்பும், சர்ஃபிங் பண்றவங்களே தேடி வர்ற இடம். கரையில நிக்கற மீனவர்கிட்ட இன்னைக்கு இறங்கலாமான்னு கேளுங்க, அவர் வேணாம்னா வேணாம். இறங்கினாலும் கணுக்கால் அளவோட நிறுத்திக்கோங்க, அம்மா கையைப் பிடிச்சுக்கோங்க. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் ரெண்டு நாளைக்குக் கூடுதலா எடுத்து, பெட்டியில போடாம கைப்பையில வச்சுக்கோங்க.